வாசிப்பை முதலில் காப்போம்

கலை இரவுக்காக நாங்கள் பதிவு செய்த பாடலில் மின்கிட்டாரின் கரகரப்பு மிகுந்து, பாடல் வரிகளே தெளிவாகக் கேட்கவில்லை. ஒலியளவைக் குறைத்தால் கிட்டாரே காணாமற்போனது. ஆம்ப்ளிபயர் முன் வைத்த மைக்கின் பதிவு மட்டுமே எங்களிடம் இருந்தது. வாசித்த நண்பரோ படிப்பை முடித்துத் தைப்பிங் திரும்பிவிட்டார்.

டி.ஐ. பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டி இருந்திருந்தால் அவர் உழைப்பு வீணாகியிருக்காது. கிட்டாரின் சமிக்ஞையை அது இரண்டாகப் பிரிக்கும். ஒன்று ஆம்ப்ளிபயருக்குப் போகும். மற்றொன்று, நீண்ட கம்பியிலும் இரைச்சல் சேராதபடி மின்மறுப்பு குறைக்கப்பட்டு, நேரே பதிவுக் கருவிக்குப் போகும். ரீஆம்ப் கருவி இதற்கு நேர்மாறு. பதிவான சமிக்ஞையைக் கிட்டாரின் அளவுக்கே மாற்றி, வேண்டிய ஆம்ப்ளிபயருக்கு மீண்டும் அனுப்பும். இதற்கெனத் தனிக் கருவியை அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜான் குனிபெர்ட்டி 1990களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

'நேரடிப் பதிவில் உயிரில்லை' என்பர் சிலர். உண்மைதான்; தனியே கேட்டால் சப்பென்றுதான் இருக்கும். ஆகவேதான் இரண்டையும் பதியச் சொல்கிறேன். ஆம்ப்ளிபயரைக் கேட்டபடியே கலைஞர் வாசிக்கட்டும்.

நண்பர்களே, அடுத்த பதிவில் நேரடி ஒலிக்கென ஒரு தடத்தை ஒதுக்குங்கள். ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஊர் திரும்பிய நண்பரின் விரல்களுக்கு எங்கே போவது?