அட்டையில் மட்டும் அவுரி

கைத்தறிக் கண்காட்சியிலோ நகரத்துத் துணிக்கடையிலோ ‘இயற்கைச் சாயம்’ என்ற அட்டையோடு தொங்கும் புடவையைக் கையில் எடுத்து, இது எந்தச் செடியின் நிறம் என்று கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் மூலிகைதாங்க’ என்று பதில் வரும். கிளிப்பச்சைக்கும் மூலிகை, ராணி பிங்குக்கும் மூலிகை, கண்ணைப் பறிக்கும் மயில்நீலத்துக்கும் அதே மூலிகை. இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் விற்பவர் அடுத்த வாடிக்கையாளரிடம் நகர்ந்துவிடுவார்.

இது அறியாமை அல்ல, வியாபாரம். ரசாயனப் பொடியில் முக்கிய நூலைச் செடிச் சாயம் என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்பது மோசடி. அதைச் செய்பவர்களையும், கண்டும் காணாமல் இருக்கும் துறைகளையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

செடிச் சாயம் என்றால் என்ன வேலை என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பொய்யின் அளவு புரியும். அவுரியையே எடுத்துக்கொள்வோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் அதைப் பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். அறுத்த தழையை வாடுவதற்குள் தொட்டியில் அடுக்கி, தண்ணீர் விட்டு, மேலே கட்டைகளை வைத்து அமுக்கி ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் சாற்றைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கிவிட்டு, ஆட்கள் அதிலேயே நின்று காலால் உதைத்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டு நுரை பொங்கி, பச்சை மெல்ல நீலமாகும். அடியில் படியும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்த வேண்டும். வண்டி வண்டியாகத் தழை போட்டாலும் கிடைப்பது கொஞ்சம் கட்டிதான்.

அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் நொதிக்கவிட்டால்தான் கரையும். தாழி நொதித்துவிட்டதா, சோர்ந்துவிட்டதா என்பதை வாசனையிலேயே சொல்லும் சாயக்காரர்கள் உண்டு. நூலை முக்கி எடுத்தால் முதலில் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றில் உதறினால் கண்ணெதிரே நீலமாகும். அடர்ந்த நீலம் வேண்டுமென்றால் மறுபடி மறுபடி முக்க வேண்டும். பச்சைக்கோ, இந்த நீலத்தின் மேல் மஞ்சளும் ஏற்ற வேண்டும்.

சிவப்பின் கதையும் இப்படித்தான். இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் சொல்லப்படும் சிறு செடியின் வேர், நம் கடலோர மணலிலும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் தோண்டி எடுக்கப்பட்டது. இலங்கையில் ஆட்சியில் இருந்த டச்சுக்காரர்கள் அந்த வேரை அரசு வருமானமாகவே நடத்தினார்கள். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்கு ஐரோப்பா ஏங்கியதற்கு இந்தச் சிவப்பு ஒரு முக்கியக் காரணம். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, பிறகு வேரோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். படிகாரம் இல்லையென்றால் சிவப்பு துணியில் நிற்காது. 1868-இல் ஜெர்மனியில் அலிசரின் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 1897-இல் அங்கிருந்தே செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதோடு வேர் தோண்டும் தொழிலும் சரிந்தது, நீலத் தொட்டிகளும் வறண்டன.

மிஞ்சியிருக்கும் சில தாழிகளின் கழுத்தைத்தான் இந்தப் பொய் அட்டை நெரிக்கிறது. உண்மையான சாயக்காரர் ஒரு பாவுக்குப் பல நாள் மெனக்கெடுகிறார். பக்கத்துக் கடைக்காரர் செயற்கை நீலத்தை ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டுக் கரைத்து அரைநாளில் முக்கி, அதே அட்டையை மாட்டி, விலையில் நூறு ரூபாய் குறைத்து வைக்கிறார். யார் நிலைப்பார்? வாங்குபவருக்கு ஒரு புடவை நஷ்டம். சாயக்காரருக்குத் தொழிலே நஷ்டம்.

‘செடி நீலமும் செயற்கை நீலமும் வேதியியலில் ஒன்றுதானே, எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று ஒரு சாக்கு உலவுகிறது. முக்கிய நிறமி ஒன்றுதான், உண்மை. ஆனால் செடியில் எடுத்த நீலத்தில் இண்டிரூபின் போன்ற உடன்பிறப்புகள் கலந்திருக்கும். செயற்கை நீலத்தில் அனிலின் எச்சம் கிடக்க வாய்ப்புண்டு. வண்ணப்பிரிகைச் சோதனையில் இவை தெரிந்துவிடும். அதிலும் தீராவிட்டால் கார்பன்-14 சோதனை இருக்கிறது: பெட்ரோலியத்தில் பிறந்த சாயத்தில் கார்பன்-14 இராது, போன பருவத்தில் வளர்ந்த செடியில் இருக்கும். மற்ற நிறங்களில் அசோ வகைச் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. கோவையில் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜவுளிக் குழுவின் ஆய்வகங்கள் இருக்கின்றன. மாதிரி எடுத்து அனுப்பும் மனம்தான் இல்லை.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களைப் போகிற போக்கில் போடக்கூடாது. போட்டால் விளக்கமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் வேண்டும் என்கின்றன அந்நெறிகள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். புடவையில் தொங்கும் அட்டை விளம்பரம் இல்லாமல் வேறென்ன?

வேறு முத்திரைகளின் நிழலில் ஒளிந்துகொள்வதும் நடக்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. சாயத்தைப் பற்றி அது பேசுவதில்லை. ‘ஆர்கானிக் காட்டன்’ என்பது பருத்தி விளைந்த விதத்தைச் சொல்வது. உலக அளவில் மதிக்கப்படும் ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்றே, நச்சு வரம்புக்கு உட்பட்ட செயற்கைச் சாயங்களை அனுமதிக்கிறது. இந்த முத்திரைகளைக் காட்டி ‘சாயமும் செடிதான்’ என்று தலையாட்டுவது வாங்குபவரின் காதில் பூச்சுற்றும் வேலை.

இந்த ஏமாற்று எதை விற்றுப் பிழைக்கிறது என்பதுதான் நம்மை அதிகம் கொதிக்கவைக்கிறது. மக்கள் கூடுதல் விலை கொடுப்பது, சாயக்கழிவால் நாசமான நொய்யல் ஆற்றைப் பார்த்ததால். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவை ஆலைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்த விவசாயிகளின் வேதனையில் பிறந்த விழிப்புணர்வைக் காசாக்கி, அதே ரசாயனத்தையே திரும்ப விற்பதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

உண்மையாகவே செடியில் சாயம் தோய்ப்பவர்களுக்கும் நம்மிடம் ஒரு வார்த்தை உண்டு. நிறம் பிடிக்கவும் மாற்றவும் மயில்துத்தமும் குரோமிய உப்பும் போட்டுவிட்டு, மிச்ச நீரை வாய்க்காலில் கொட்டினால் அதுவும் கழிவுதான். படிகாரத்திலும் இரும்பிலும் நின்றுகொள்ளுங்கள். மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் வெளுக்கும் என்பதை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். செடிச் சாயத்தால் திருப்பூரையே மாற்றிவிடலாம் என்று மேடைகளில் முழங்குவதையும் நிறுத்திக்கொள்ளலாம். பொங்கலுக்குக் கொடுக்கும் விலையில்லாச் சேலையைச் சாயவேரில் முக்கித் தாருங்கள் என்று அரசைக் கேட்கும் அளவுக்கு நமக்குப் புத்தி மழுங்கவில்லை. பெரும்பகுதி துணிக்கு ரசாயனச் சாயமும் முறையான சுத்திகரிப்பும்தான் கதி.

செடி என்றாலே நியாயம் வந்துவிடுவதும் இல்லை. சம்பாரணில் 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் அவுரி போட்டே தீர வேண்டும் என்று குடியானவர்களை வதைத்தார்கள். 1917-இல் காந்தி அங்கே போக நேர்ந்தது ‘இயற்கை’ நீலத்துக்காக நடந்த அந்தக் கொடுமையால்தான். இன்று ஐந்திலக்க விலையில் விற்கும் ஒரு புடவையில் அவுரி விளைவித்தவருக்கும், தாழியில் கை நனைத்தவருக்கும், தறியில் உட்கார்ந்தவருக்கும் என்ன போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கடைகள் சொல்லத் தயாரா?

ஆகவே திருத்தம் கேட்கிறோம், வேண்டுகோளாக அல்ல. ‘இயற்கைச் சாயம்’ என்று எழுதும் ஒவ்வொரு அட்டையிலும் எந்தச் செடி, எந்த நிறமூன்றி (படிகாரம்போல நிறத்தைத் துணியில் நிற்கவைக்கும் பொருள்), எந்த ஊரில் தோய்த்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். சொல்ல முடியாதவர்கள் அட்டையை இன்றே கழற்றட்டும். சாதாரணக் கைத்தறி என்று விற்பதில் எந்தக் கேவலமும் இல்லை. கைத்தறித் துறை தன் ஆதரவில் நடக்கும் கண்காட்சிகளில் முன்னறிவிப்பின்றி மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் கடையின் பெயரோடு வெளியிட வேண்டும். சோதனைச் செலவை நாலு தாழி வைத்திருக்கும் சிறு சாயக்காரர் தலையில் கட்டக்கூடாது. அப்படிக் கட்டினால் சான்றிதழ் பெரிய கம்பெனிகளுக்கும் பட்டினி சாயக்காரருக்கும் என்றாகிவிடும். அவுரி பயிரிடுவோருக்கு அறுவடைக்கு முன்பே விலை பேசி முன்பணம் தரும் கொள்முதலைக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கட்டும்.

வரும் தீபாவளி விற்பனைக்குள் அட்டைகள் மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால், வாசகர்கள் பில்லையும் அட்டையையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள்.