காலாட்டிப் பிழைக்கும் ஊர்

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்னும் வசனத்தைச் சொல்லுகிறவர்களில் பலர், கோவில்களும் சத்திரங்களும் மலிந்த க்ஷேத்திரத்தில் திண்ணைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாலே ஏதேனும் ஒரு பிரசாதத்தால் வயிறு நிறைந்துவிடும் என்ற அர்த்தத்திலேயே அதைப் பிரயோகிக்கிறார்கள். உழைப்பைக் குறித்துப் பிறந்த ஒரு சொல் சோம்பலின் மேல் ஏற்றப்பட்டிருப்பது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல்.

இதன் தாத்பரியம் அகராதியில் அகப்படாது. பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் வீதியின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சீர்செய்துகொண்டிருப்பவர்களைக் கடந்து ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால், தரையில் வெட்டிய குழிக்குள் இரு கால்களையும் தொங்கவிட்டு அவர் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஒரு மிதிகட்டையை அழுத்தினால் பாவிழைகளில் ஒரு பாதி எழும்ப, மறுபாதி தாழ, இடையே திறக்கும் வழியில் ஊடையைச் சுமந்து நாடா ஓடுகிறது. பலகையை இழுத்து அடித்தவுடன் மற்ற மிதிகட்டைக்குக் கால் மாறுகிறது. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு வர்ணம் வைத்துக் கோர்வை போடும் புடவையானால் மூன்று நாடாக்கள் வேண்டும். உடன் ஓர் ஆளும் உட்கார வேண்டும். இவ்வாறு நாட்கணக்கில் காலை ஆட்டினால்தான் ஒரு புடவை தறியை விட்டு இறங்கும். அதற்குப் பிறகுதான் கூலி.

குழூஉக்குறிக்கு உதாரணமாகப் பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை இலக்கணக்காரர்கள் காட்டுவார்கள். அங்கே பிறரிடமிருந்து மறைப்பதே நோக்கம். நெசவாளரோ ஒன்றையும் மறைக்கவில்லை. தம் கால்கள் செய்ததை அப்படியே சொன்னார்கள். குழிக்குள் நடப்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாமல் போனதே இந்த விபரீத வியாக்கியானத்துக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக, எல்லாச் சொற்களையும் நெசவுக்கே உரிமையாக்க நான் சம்மதியேன். ‘தறிகெட்டு ஓடுகிறான்’ என்பதற்கு, நெசவுத் தறி கெட்டதால் வந்த பேச்சு என்று இவ்வூர்க்காரர் ஒருவர் வெகு பிரியமாக விளக்கம் சொன்னார். தறி என்பதற்கு நட்ட கம்பம் என்றும் பொருளுண்டு. யானையையும் மாட்டையும் கட்டிவைப்பது அதில்தான். கட்டு அறுந்த மிருகம்தான் ஓடும். நெசவுத் தறி கெட்டால் வேலை நிற்குமே தவிர எதுவும் ஓடுவதில்லை. ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்’ என்பதிலும் சிலர் நெசவைக் காண்கிறார்கள்; ‘கட்டு’ என்ற அடைமொழியே அது மாடு கட்டும் முளை என்று எனக்குச் சொல்லுகிறது. குழித்தறியும் தரையில் ஊன்றிய கம்பங்களின் ஆதாரத்தில் நிற்பதுதானே. அந்தக் கம்பத்தின் பெயரே நெசவுக் கருவிக்கும் ஆகிவந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.