எழுதியவன் பங்கு யாருக்கு?

எழுதுவதும் உழைப்பே. ஒருவர் எழுதிய பக்கங்களை மற்றவர்கள் நகலெடுத்தால், அதற்குரிய கூலியும் எழுதியவருக்கே சேரவேண்டும். ஜெர்மனியில், நகல் யந்திரம் செய்யும் கம்பெனிகளிடமிருந்து இப்பணத்தை வாங்கிப் பங்கிடுவது 1958ல் அமைந்த வி.ஜி. வோர்ட் என்னும் வசூல் சங்கம்.

இதில் எழுத்தாளர்களோடு பதிப்பாளர்களும் அங்கத்தினர்கள். பல ஆண்டுகளாக, வசூலில் பாதி வரை பதிப்பாளர்களுக்குப் போய்வந்தது. எழுத்தாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். இப்படி மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பது சட்டவிரோதம் என்று 2016 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச கோர்ட் தீர்ப்பளித்தது. வாங்கியதில் பெருந்தொகையைத் திருப்பித் தரும்படி பதிப்பாளர்களைச் சங்கம் கேட்டது.

பதிப்பாளர்கள் ஓய்ந்துவிடவில்லை. கோர்ட்டில் இழந்ததைச் சட்டத்தின் மூலம் மீட்டார்கள். 2021ல் வந்த சட்டம் அவர்களுக்கு மீண்டும் பங்கு தந்தது. எழுத்தாளருக்குக் குறைந்தது மூன்றில் இரண்டு பாகம் என்கிறது அச்சட்டம். ஆனால், சங்கம் வேறுவிதமாகவும் தீர்மானிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆகவே, இனிப் போராட்டம் சங்கக் கூட்டத்தில்தான். களத்துமேட்டில் மரக்கால் யார் கையில் என்பதைப் பொறுத்ததே கூலி நெல் என்பதை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். பேனா பிடிக்கும் உழைப்பாளிகளும் ஒன்றுபட்டு அந்த மரக்காலைத் தம் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதே நமது கருத்து.