மடைநூலும் மடையரும்

'மடையன்' என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் இரண்டு பொருள் தருகின்றன. ஒன்று அறிவிலி, மற்றொன்று சமையற்காரன். முன்னது மடமையின் வழி வந்தது. பின்னது, உணவைக் குறிக்கும் 'மடை'யின் வழி வந்தது. வேர் வேறானாலும் உருவம் ஒன்றாகிவிட்டதால் வசவு நிலைத்தது, தொழிற்பெயர் வழக்கொழிந்தது. கோயில் மடைப்பள்ளி மட்டுமே பழைய பொருளை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

சமைத்தவரை நாம் எப்படி நடத்தி வந்திருக்கிறோம் என்பதற்கு இந்தச் சொல்லின் கதையே போதுமான சான்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு விருந்தைப் புகழ வேண்டுமென்றால் நளபாகம் என்போம், வீமபாகம் என்போம். நளன் நிடத நாட்டு மன்னன். வீமன் பாண்டு மன்னனின் மகன். இருவரும் தம் பெயரை மறைத்துக்கொண்டு வேறொரு மன்னனின் அரண்மனையில் கரண்டி பிடித்தவர்கள். அடுப்படியில் நிற்பவன் மாறுவேடத்தில் இருக்கும் அரசனாக இருந்தால்தான் அவன் கைப்பக்குவம் நமக்குப் புகழுக்குரியதாகிறது. அரசனல்லாத சமையற்காரனின் பெயர் எதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கலை என்ற மதிப்பு சமையலுக்கு இல்லாமற் போகவில்லை. மணிமேகலையில் நாடகக் கணிகையர் பயிலும் கலைகளைச் சாத்தனார் அடுக்கும்போது யாழும் குழலும் வரும் வரிசையிலேயே மடைநூலும் வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து, வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாது சமைக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஆக, சமையலுக்கு நூல் உண்டு, நெறி உண்டு என்ற எண்ணம் நமக்குப் பழமையானது.

இந்தச் சிறுபாணாற்றுப்படையை உணவு வழிகாட்டியாகவும் படிக்கலாம். மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் நிறுவனம் 1900 இல் வாகன ஓட்டிகளுக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் அளிக்கத் தொடங்கியது. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓர் உணவகத்தின் தலையெழுத்தை அந்த நட்சத்திரங்கள் பெருமளவு தீர்மானிக்கின்றன. வயிறார உண்டவன் பசித்து வருபவனுக்கு வழி சொல்வது என்ற அளவில் ஆற்றுப்படையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நத்தத்தனார் அரண்மனை விருந்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எயிற்பட்டினத்தில் நுளைமகள் தரும் தேறலும் சுட்ட உலர் குழல்மீனும், வேலூரில் எயிற்றி ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும் அதே பாட்டில் வழிநெடுக வருகின்றன. உப்புக்கும் வழியின்றிக் குப்பைக்கீரையை வேகவைத்து, பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ணும் பாணர் குடும்பத்தின் வறுமையும் அதே பாட்டில்தான் இருக்கிறது. தனி மனிதர் பெயர்கள் இல்லைதான். ஆயினும் எந்த உணவு யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்பதைப் புலவர் ஓரிடத்திலும் மறைக்கவில்லை.

பிற்காலத்தில் அது மறைக்கப்பட்டது. பிரிட்டிஷாரின் சென்னையில் அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு புத்தகம் சான்றாக இருக்கிறது. கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் சென்னைப் பத்திரிகையில் எழுதிய சமையற் கட்டுரைகள் 1878 இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூலாக வந்தன. நல்ல நூல் அது. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்கட்டுகள் புகையும் அழுக்குமாகக் கிடப்பதற்கு எசமானர்களையே கடிந்துகொள்கிறார். சமையற்காரரிடம் பரிவு காட்டச் சொல்கிறார். 'முள்ளிகடானி' என்று ஆங்கிலேயர் உறிஞ்சும் சூப்பின் மூலம் மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள்தாம் என்று விளக்கி, புளியும் பூண்டும் கடுகும் வெந்தயமும் கறிவேப்பிலையும் சேர்த்து எளிய மக்கள் வைக்கும் மிளகுநீரின் பக்குவத்தையும் எழுதுகிறார். இவ்வளவு செய்தவர், சமையற்காரரை நூல் முழுக்க 'ராமசாமி' என்றே குறிக்கிறார். அது ஒருவரின் பெயராக அங்கே நிற்கவில்லை. சென்னையின் அத்தனை சமையற்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெயர். கர்னல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பி லண்டனில் சமையற் பள்ளி நடத்தினார். ராமசாமிகள் என்ன ஆனார்கள் என்பதை எழுதி வைத்தவர் எவருமில்லை.

1926 இல், மிஷெலின் நட்சத்திரம் பிறந்த அதே ஆண்டில், லண்டன் ரீஜண்ட் தெருவில் ஓர் இந்திய உணவகம் திறக்கப்பட்டது. அதன் பெயர் வீராசாமி. நிறுவியவர் எட்வர்ட் பால்மர். ஆங்கிலேயத் தளபதி ஒருவருக்கும் முகலாயக் குலப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்த மரபில் வந்தவர். மசாலா வணிகத்துக்கு வைத்த வீராசாமி என்ற பெயரையே உணவகத்துக்கும் வைத்தார். அதே பெயரில் ஒரு சமையல் நூலும் எழுதினார். சென்னையில் நம் பெயரைப் பொதுப்பெயராக்கினார்கள் என்றால், லண்டனில் அது கடைப்பலகை ஆயிற்று.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். 1951 இல் முதல் பாகம் வந்தது. மூன்று பாகங்களாக வளர்ந்து, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு, மணமாகிக் கடல் கடந்த பெண்களின் பெட்டிகளில் ஏறி அமெரிக்கா வரை போயிற்று. அடுக்களைக்குள் இருந்த ஒரு பெண் தன் அறிவைத் தன் பெயரிலேயே அச்சேற்றினார். அதன் உரைநடையைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: அலங்காரம் கிடையாது, அளவு உண்டு, வரிசை உண்டு, எந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்ற தெளிவு உண்டு. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இந்நூலுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம். அது ஒரு சமூகத்தின் சைவ அடுக்களையை மட்டுமே காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது அந்த அம்மையாரின் குறையன்று. மற்ற அடுக்களைகளிலிருந்தும் இதுபோல் ஒருவர் எழுதி, அதை நாம் அச்சிட்டுப் பேணியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் சமையல் நூலை இலக்கியமாகவே படிக்கிறார்கள். எலிசபெத் டேவிட் 1950 இல் வெளியிட்ட மத்தியதரைக் கடல் உணவு பற்றிய நூலை, போருக்குப் பிந்தைய பங்கீட்டு அட்டைக் காலத்தில் எலுமிச்சையையும் ஆலிவ் எண்ணெயையும் கனவு காண வைத்த உரைநடை என்று போற்றுகிறார்கள். நம் வைவெர்னை மறதியிலிருந்து மீட்டு எழுதியவர்களில் அவரும் ஒருவர். இங்கே தொ. பரமசிவனும் நாஞ்சில் நாடனும் கி. ராஜநாராயணனும் உணவைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார்கள். எனினும் ஒரு சமையல் நூலை நூலாக மதித்து மதிப்புரை எழுதும் வழக்கம் நம் சிற்றிதழ்களில் உருவாகவே இல்லை. கவிதைத் தொகுப்புக்கு ஆறு பக்கம் ஒதுக்குகிற நாம், சமையல் நூலைக் கண்டால் வீட்டிலுள்ள பெண்கள் பக்கம் தள்ளிவிடுகிறோம்.

இனி இன்றைய உயர்தர உணவகங்களுக்கு வருவோம். 1989 இல் ஆழ்வார்பேட்டையின் ஒரு நட்சத்திர விடுதியில் 'தக்ஷிண்' திறக்கப்பட்டபோது, தென்னிந்திய உணவையும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரிமாறலாம் என்பதே ஒரு செய்தியாக இருந்தது. அங்கே பணியாற்றிய பிரவீண் ஆனந்த் பழைய பக்குவங்களைத் தேடித் தொகுத்தவராக அறியப்படுகிறார். அந்த விடுதி 2023 டிசம்பரில் மூடப்பட்டது. இதற்கிடையில் தொலைக்காட்சி சமையற்காரருக்கு முகமும் பெயரும் கொடுத்தது. தாமுவை அறியாத வீடில்லை. 'ஆஹா என்ன ருசி'யில் வந்த ஜேக்கப் 2012 இல் முப்பத்தெட்டே வயதில் மறைந்தபோது, உறவினரை இழந்ததுபோல் வருந்தியவர்கள் உண்டு. ராமசாமிக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

அதன் அடுத்த கட்டமாக, 2017 இல் கிண்டியில் தொடங்கிய 'அவர்தனா'வில் ரசம் கண்ணாடிக் கோப்பைக்குப் போயிருக்கிறது. ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் அது 2024 இல் இடம்பெற்றது. ஒரு கல்லூரி ஆசிரியனின் சம்பளத்தில் அடிக்கடி போகக்கூடிய இடமன்று. ஆனாலும் ரசத்தை ஆராய்ந்து, அதன் மணத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பரிமாறும் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கலை புதுமை செய்யத்தான் வேண்டும். கோப்பை மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ரசம் எந்த ஊரின், எந்த வீட்டின் ரசம் என்று சொல்லும் ஒரு வரி நம் நகரத்து உயர்தர உணவகங்களின் பட்டியல்களில் அரிதாகவே கிடைக்கிறது. தமிழ் எழுத்தும் அவ்வாறே. என் குறை அதுதான்.

அப்படிச் சொன்னால் வணிகம் கெடும் என்பார்கள். கெடாது என்பதற்கு நியூயார்க்கே சான்று. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜயகுமார் தலைமைச் சமையற்காரராக இருக்கும் 'செம்மா' 2021 இல் திறக்கப்பட்டு, 2022 இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. 2025 இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. அங்கே பேர்பெற்ற பண்டம் நத்தைப் பிரட்டல். வயலில் நத்தை பொறுக்கித் தின்றதைச் சிறுவயதில் வெளியே சொல்லக் கூசியதாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். கதவடைத்துக் கீரை தின்ற பாணர் குடும்பத்தின் கூச்சமும் இதுவும் ஒன்றுதான். ஈராயிரம் ஆண்டுக் கூச்சத்தை ஒருவர் கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்தார். உலகம் வந்து வரிசையில் நிற்கிறது. என் வயலில், என் வீட்டார் சமைத்தது என்று சொன்னதே அந்தப் பண்டத்துக்குப் பெருமை சேர்த்தது.

நான் வசிக்கும் கொட்டிவாக்கத்தில் இந்த இடைவெளியை நடந்தே கடந்துவிடலாம். காலையில் குப்பத்துப் பெண்கள் கூடையில் மீன் வைத்து விற்கிறார்கள். எதைக் குழம்பு வைக்க வேண்டும், எதை வறுக்க வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை எப்படிப் புட்டாக்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லித் தருவார்கள். எழுதப்படாத மடைநூல் அது. அதே கடலின் மீன், கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகங்களில் இரவு விளக்கொளியில் வேற்றுமொழிப் பெயரோடு தட்டில் வந்து அமர்கிறது. நத்தத்தனாரின் இடைக்கழிநாடும், எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதும் மரக்காணமும் இதே சாலையில் தெற்கேதான் இருக்கின்றன. அந்தப் புலவர் இன்று வந்தால் நுளைமகளைக் குப்பத்தில் காண்பார்; உணவகப் பட்டியலில் காணமாட்டார்.

தமிழ்த்துறைகள் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தன, விடுகதைகளைத் தொகுத்தன. கலியாண வீட்டுத் தவசுப்பிள்ளையும், பிரியாணிச் சட்டியின் முன் நிற்கும் பண்டாரியும், மீன்கூடைப் பெண்ணும் அறிந்தவற்றை அவர்கள் பெயரோடும் ஊரோடும் தொகுக்க ஏன் தயங்க வேண்டும்? ஒரு முதுகலை மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வேடு கிடைக்குமா? இன்று எழுபது வயதில் இருப்பவர்களிடம் கேட்கத் தவறினால், பத்தாண்டு கழித்துக் கேட்க ஆளிருக்காது. தமயந்தி சமையலின் சுவையைக் கொண்டே நளனை அடையாளம் கண்டாள். நமக்கு அந்த நாக்கு இன்னும் இருக்கிறது. சுவையை அறிந்த பின் பெயரையும் கேட்டு எழுதி வைப்பது நம் கடமை.