ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடியது. பூவும் இனிப்பும் கொடுத்துப் பிள்ளைகளை வாசலிலேயே வரவேற்ற ஆசிரியர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மனது நிறைந்துபோயிற்று. அந்த நிறைவு சாயங்காலம் வரைகூட நிலைக்கவில்லை. என் பேத்தி படிக்கும் தனியார் பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையை மகள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தாள்.

இரண்டு முகக்கவசம் கொண்டுவர வேண்டும். சானிடைசர் பாட்டில் பையில் இருக்க வேண்டும். வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள். தண்ணீரைப் பகிரக் கூடாது, சாப்பாட்டைப் பகிரக் கூடாது, பென்சிலையும் பகிரக் கூடாது. 'குளிரூட்டப்பட்ட வகுப்பறைகள்' தினமும் இருமுறை கிருமிநாசினியால் துடைக்கப்படும். இவ்வளவுக்கும் பிறகு கடைசியில் ஒரு வரி: பிள்ளைக்குத் தொற்று வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல, இதை அறிந்தே அனுப்புகிறேன் என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

"கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமாம்மா?" என்று கேட்டாள் மகள். குரலில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது. "அரசாங்கமே வருகை கட்டாயமில்லைன்னு சொல்லுது. அனுப்பலேன்னா படிப்பு போயிடுமோன்னு பயம். அனுப்பினா இவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்."

இந்தப் பயத்தைப் பெற்றோரின் அறியாமை என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆக்சிஜன் படுக்கைக்காக மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தவர்கள் இவர்கள். 2021 நவம்பரில் நம் நாட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழ் யாருக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்திருக்கவில்லை. பெரியவர்களே இரண்டு ஊசி போட்டுக்கொண்டும் தயங்கிய இடத்துக்கு ஏழு வயதுக் குழந்தையை அனுப்பு என்றால் தாய் யோசிக்கத்தான் செய்வாள்.

இருந்தாலும் அனுப்பு என்றுதான் நான் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் எடுத்த நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், ஆறிலிருந்து ஒன்பது வயது வரையான பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புப் புரதம் இருந்தது. பள்ளி மூடியிருந்த காலத்திலேயே கிருமி அவர்களைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டது. பெரும்பாலோருக்கு வந்து போனதுகூடத் தெரியவில்லை. மறுபக்கம், ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநில, யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம்தான். அறவே படிக்காதவர்கள் 37 சதவீதம். என் பேத்திக்கு ஆன்லைன் வகுப்பாவது இருந்தது. அவளும் யு.கே.ஜி.யில் வீட்டுக்கு வந்தவள், ஒன்றாம் வகுப்பின் வாசலை மிதிக்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

ஆகவே கையெழுத்துப் போடு என்றேன். அதோடு, அந்தச் சுற்றறிக்கையில் இல்லாத ஒன்றைப் பள்ளியிடம் கேள் என்றும் சொன்னேன். அந்த வகுப்பறையின் ஜன்னல்கள் திறக்குமா?

இந்தப் பத்தியை ஆரம்பத்திலிருந்து படித்துவருகிறவர்களுக்கு என்னுடைய ஜன்னல் புலம்பல் புதிதல்ல. கண்ணாடி பதித்த பேருந்துகளைப் பற்றி எழுதினேன். கல்யாண மண்டபங்களைப் பற்றி எழுதினேன். "ஜன்னலை விட்டால் வேறு விஷயமே இல்லையா?" என்று அப்போது ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்த வாரம் வேறு விஷயம் இல்லைதான்.

இந்தக் கிருமி மேஜையைத் தொட்டால் வருகிறது, பென்சிலைத் தொட்டால் வருகிறது என்றுதான் முதலில் நமக்குச் சொன்னார்கள். காய்கறியைக்கூட மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம். மூச்சிலும் பேச்சிலும் வெளியாகும் நுண்துளிகள் காற்றில் மிதந்து பரவுகின்றன என்று 2020 ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தெளிவாக ஒத்துக்கொள்ள 2021 ஏப்ரல் கடைசியாகிவிட்டது. மே மாதம் நம்முடைய மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும், நுண்துளிகள் பத்து மீட்டர் வரை போகலாம், ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. அடுப்படியில் மிளகாய் கருகினால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இருமல் வருகிறதே, அதுபோலத்தான் இதுவும். அப்போது நாம் மேஜையைத் துடைப்பதில்லை, ஜன்னலைத் திறக்கிறோம்.

சீனாவில் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் 2020 ஜனவரி 24 அன்று நடந்ததை நான் பலரிடம் சொல்லிவிட்டேன். ஜன்னலே இல்லாத கட்டடம். ஏ.சி. காற்று உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தொற்றோடு வந்த ஒருவர் சாப்பிட்டுப் போனார். அந்த மேஜையிலும் பக்கத்து இரண்டு மேஜைகளிலும் இருந்த மூன்று குடும்பங்களில் அவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை நாற்பது பிள்ளைகள் உட்காரும் ஏ.சி. வகுப்பறையாக நினைத்துப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். பத்தொன்பது மாதத்துப் பேச்சு அவர்களிடம் பாக்கி இருக்கிறது.

பிரிட்டன் அரசாங்கம் பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கருவிகள் தருவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வகுப்பறையில் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவை காட்டும். அளவு ஏறினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உடனே ஜன்னலைத் திறக்கலாம். இங்கே பள்ளி வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் காய்ச்சல் கருவிக்குப் பணம் இருக்கிறது. அறிகுறியே இல்லாத பிள்ளையை அந்தக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்?

மகள் கேட்டுவிட்டு வந்தாள். ஜன்னல்கள் இருக்கின்றன, ஆனால் திறக்கும்படியாக அமைக்கப்படவில்லையாம். முழுக்கக் கண்ணாடி. வெளியில் சத்தம், தூசு, கவனம் சிதறும் என்று காரணம் சொன்னார்களாம். அந்த ஏ.சி.க்கென்று ஆண்டுக் கட்டணத்தில் தனியாக ஒரு தொகையும் வாங்குகிறார்கள்.

கவனம் சிதறும் என்று சொன்னதும் எனக்கு ஒரு சிறுமியின் நினைவு வந்தது. 'டோட்டோ-சான்' என்ற புத்தகத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இந்த வாரம் அந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும். டெட்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது. அதில் வரும் சிறுமி டோட்டோ-சான் அவரேதான். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்படுகிறாள். காரணங்களில் ஒன்று, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டது. இன்னொன்று, கூடு கட்டும் குருவியிடம் என்ன செய்கிறாய் என்று விசாரித்தது.

பிறகு அவள் சேரும் டோமோயி பள்ளியை யாரால் மறக்க முடியும்! டோக்கியோவில் 1937இல் சொசாகு கோபயாஷி என்ற தலைமையாசிரியர் தொடங்கி நடத்திய பள்ளி. வாசல் தூண்களாக உயிருள்ள இரண்டு மரங்கள். வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். சேர வந்த அன்று அந்தச் சிறுமி நான்கு மணி நேரம் பேசுகிறாள், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவரச் சொல்லும் பள்ளி அது. இளம்பிள்ளைவாதம் வந்து கால் சூம்பிய யாசுவாகி-சானை டோட்டோ-சான் ஏணி வைத்துத் தன் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தை நான் எந்த வயதில் படித்தாலும் கண் கலங்கிவிடுகிறது. கொள்ளைநோய் தொட்டுவிட்டுப் போன பிள்ளை அவன். அவனையும் அவன் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். தண்ணீருக்குள் இறங்க, மற்ற பிள்ளைகளோடு விளையாட, தன் உடம்பைப் பார்த்து வெட்கப்படாமல் இருக்க அங்கேதான் அவனுக்கு இடம் கிடைத்தது. 1945இல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது.

அந்தப் புத்தகத்தில் என்னை அதிகம் பாதிக்கிறவர் டோட்டோ-சானின் அம்மா. மகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதை அவளுக்கு இருபது வயது ஆகும்வரை அவர் சொல்லவே இல்லை. வேறு பள்ளிக்குப் போய்ப் பார்ப்போமா என்று மட்டும் கேட்டுக் கூட்டிப் போனார். எவ்வளவு கவலை இருந்திருக்கும்! அதில் ஒரு துளியையும் அந்தக் குழந்தையின் தலையில் இறக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றினால் தாத்தா செத்துப்போவார் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நம்முடைய பயத்தை நாம் வைத்துக்கொள்வோம், பள்ளி நிர்வாகத்திடம் கொண்டுபோவோம். பிள்ளையின் பையில் போட வேண்டாம்.

கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளியை எப்படி நடத்துவது என்று முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். காசநோய் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன காலம். 1904இல் பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில், நோஞ்சான் பிள்ளைகளுக்காகப் பைன் மரக்காட்டில் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் மேரி பேக்கார்ட், எல்லன் ஸ்டோன் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள். உறையும் குளிர். ஆனாலும் பெரிய ஜன்னல்களைச் சாத்தவில்லை. பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்காரவைத்து, காலடியில் சூடாக்கிய கல்லை வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஒரு பிள்ளையும் நோயில் விழவில்லை. 1918இன் விஷக்காய்ச்சலில் நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவே இல்லை. சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்டின் வாதம் எளிமையானது: நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் இருப்பதைவிட, இடமும் காற்றும் உள்ள பள்ளிக்கூடத்தில், தினமும் உடம்பைப் பரிசோதிக்கும் ஆட்களின் பார்வையில் பிள்ளைகள் இருப்பது நல்லது. இடமும் காற்றும் என்பதைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால் அந்த வாதமும் இல்லை.

பனி பெய்யும் ஊரில் ஜன்னலைத் திறந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து எழுத்துப் படித்த நாம் ஜன்னலை மூடி ஏ.சி. போடுகிறோம். ஓட்டுக்கூரை, உயர்ந்த சுவர், இரு பக்கமும் ஜன்னல், நீளத் தாழ்வாரம், நடுவில் வேப்பமரம் என்று இருக்கும் பழைய பஞ்சாயத்துப் பள்ளிகளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, கடன் வாங்கிக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். இந்த நோய்க்கு ஏற்ற வகுப்பறை எது என்று இன்றைக்கு ஒரு மருத்துவரைக் கேட்டால் அந்தப் பழைய கட்டடத்தைத்தான் காட்டுவார்.

கட்டடம் உயிர்ப் பிரச்சினை என்பது நமக்குத் தெரியாததல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் கீற்றுக் கூரைகள் இறங்கின. மாடிப்படி எத்தனை, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டதால்தான் அதிகாரிகளும் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய துயரம் இன்னொன்று நடக்கும்வரை காற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மழைக்காலம், சாரல் அடிக்கும், கொசு வரும் என்பார்கள். சாரலுக்கு சன்ஷேடு இருக்கிறது, கொசுவுக்கு வலை அடிக்கலாம். மழை வலுக்கும்போது ஒரு பக்கத்து ஜன்னலைச் சாத்தி மறுபக்கத்தைத் திறந்து வைக்கலாம். திறக்கவே முடியாத கண்ணாடியை ஒரு தச்சரைக் கூப்பிட்டால் தீபாவளி விடுமுறைக்குள் மாற்றிவிடலாம். பாட்டையும் சத்தமாக வாசிப்பதையும் மரத்தடிக்குக் கொண்டுபோகலாம். சாப்பாடு கட்டாயம் வெளியில்தான். முகக்கவசத்தைக் கழற்றும் நேரம் அது.

தீபாவளி விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுவிடும் அன்று, சம்மதக் கடிதத்தோடு உங்கள் கடிதம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். என் பிள்ளை உட்காரும் அறையில் திறக்கும் ஜன்னல்கள் எத்தனை, பாடவேளை முழுவதும் அவை திறந்திருக்குமா என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பெற்றோர் சேர்ந்து போங்கள். அரசுப் பள்ளியானால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள், அங்கே பெற்றோரும் உறுப்பினர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். பள்ளியின் பெயரை விட்டுவிட்டு, வரும் பதில்களை அடுத்தடுத்த வாரங்களில் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.