முன் சக்கரத்துக்கு ஒரு கடிவாளம்

சில வீடுகளில் பாட்டி காலத்து வெண்கலப் பானை பரணில் இருக்கும். வேறு சில வீடுகளில் தாத்தா காலத்து புல்லட் மோட்டார் சைக்கிள் வாசலில் இருக்கும். இரண்டையும் விற்க மனம் வராது. பானையைப் புளி போட்டுத் தேய்த்தால் போதும். வண்டியையோ வீட்டுப் பிள்ளை பட்டறைக்குக் கொண்டுபோய், வர்ணம் அடித்து, சைலன்ஸருக்கு முலாம் பூசி, ஸீட்டுக்குப் புது உறை தைத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறான். "எப்படி அம்மா இருக்கிறது?" என்கிறான். "ராஜா மாதிரி இருக்கிறதடா!" என்கிறோம். "முன் பிரேக்கைப் பார்த்தாயா?" என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் சகோதரிகளே, பின் ஸீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் யார்? நாம்தானே! மடியில் குழந்தை வேறு. ஆகையால் இந்த வாரம் முன் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த புல்லட், 1955-ல் நம் சென்னைக்குக் குடிவந்தது. அங்கிருந்த கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் அதைத் தயாரிக்கத் தொடங்கின. அந்த நாளில் சாலையில் வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. அதற்குத் தகுந்த பிரேக்கைத்தான் வைத்திருந்தார்கள். இன்றைக்கு முன்னால் போகும் கார், டிரைவர் காலை அழுத்தியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. பின்னால் வருகிற நம் கிழ வண்டியும் அப்படி நிற்க வேண்டாமா?

"பின் பிரேக்தான் இருக்கிறதே!" என்று வீட்டுக்காரர் சொல்லக்கூடும். பஸ் திடீரென்று நிற்கும்போது நாம் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம் அல்லவா? மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. பிரேக் போட்டதும் பாரமெல்லாம் முன் சக்கரத்தின் மேல் போய் விழுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற வண்டி 60-ல் போனால், பிரேக் பிடித்த பிறகு நிற்க இரண்டு பங்கு தூரம் அல்ல, நான்கு பங்கு தூரம் வேண்டும்.

இன்னொரு விஷயம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பின் பிரேக் இடது காலில். இக்கால வண்டிகளில் இது நேர் எதிர். புது வண்டியில் பழகிய பிள்ளை, அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவான். எந்த வண்டியிலும் இடம் மாறாமல் வலது கையிலேயே இருப்பது முன் பிரேக் ஒன்றுதான்.

பழைய முன் பிரேக் என்பது மூடி போட்ட டப்பா மாதிரி ஒரு டிரம். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். கைப்பிடியை இழுத்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரில் உராயும். மூடிய டப்பா ஆனதால் உள்ளே எழும் சூடு வெளியேற வழியில்லை. ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் தளரும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தால், உலரும்வரை சரியாகப் பிடிக்காது.

இதற்கு மூன்று படியாகப் பரிகாரம் உண்டு.

முதற்படி, இருப்பதைச் செம்மை செய்வது. கேபிளையும் லைனிங்கையும் புதிதாகப் போட வேண்டும். டிரம் கோணியிருந்தால், ஸ்போக் கம்பிகளை இறுக்கிய பிறகு, சக்கரத்தோடு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். முன்னாலேயே கடைந்தால், கம்பியை இறுக்கும்போது மறுபடியும் கோணலாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளை வாயால் ஊதவோ, குழந்தைகள் விளையாடும் வாசலில் தட்டவோ விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளுக்கு இந்த முதற்படியே பாதி உயிர் கொடுத்துவிடும்.

இரண்டாம் படி, இரட்டைப் பிடிப்பு டிரம். பழைய ஏற்பாட்டில் ஒரு ஷூவைச் சக்கரத்தின் சுழற்சியே உள்ளிழுத்து இறுக்கும், மற்றதைத் தள்ளிவிடும். இந்த ஏற்பாட்டில் இரண்டும் இறுக்கும். பிற்கால புல்லட்டுகளில் இது வந்தது. ஒரே குறை: மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் உருண்டால் பிடிப்பு குறைவு, அங்கே பின் பிரேக்கையும் மிதிக்க வேண்டும்.

மூன்றாம் படி, டிஸ்க் பிரேக். தட்டு காற்றில் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும், தண்ணீரும் வடியும். 2009-ல் வந்த கிளாஸிக் மாடலில் 280 மில்லிமீட்டர் தட்டு இருந்தது. ஆனால் தட்டை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. ஃபோர்க், சக்கரத்தின் நடுக்குடம், காலிப்பர், கைப்பிடியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். "பழைய ஃபோர்க்கிலேயே ஒரு துண்டு இரும்பை வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள். அந்த வெல்டிங் விட்டுப்போனால் சக்கரமே சிக்கிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

பிரேக் பலமானால் மட்டும் போதாது. பத்து வருஷத்துக் காய்ந்த டயரோடு பலமான பிரேக்கைச் சேர்த்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய வண்டியில் டிஸ்க் வைத்தால் அந்தக் காவல் கூடவே வந்துவிடாது. ஆகவே புது டயர் போட்டு, காலி மைதானத்தில் சில நாள் தனியாக ஓட்டிப் பழகிய பிறகுதான் பின்னால் ஆள் ஏற்ற வேண்டும்.

வண்டியைப் பதிவு விவரத்துக்கு மாறாக மாற்றுவதற்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் கட்டுப்பாடு உண்டு. பட்டறையில் விடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் கேட்டால், "உனக்கு எதற்கு இந்தக் கவலை?" என்பார்கள். வாயால் வாதாட வேண்டாம். என்ஜினை நிறுத்தி, வண்டியை நிமிர்த்தி, உங்கள் மகனையே அதன் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள். சக்கரம் உருண்டாலும், கைப்பிடி ஹாண்டில்பாரைத் தொட்டாலும், வர்ணத்துக்கு வைத்த பணம் முதலில் பிரேக்குக்குப் போகட்டும். அதுவரைக்கும் கோயிலுக்கோ கடைக்கோ பஸ்ஸிலேயே போய் வரலாம்.