வெலோசிட்டி எண்ட பொய்க்கணக்கு

ஒரு மென்பொருள் அணி நல்லாத் திட்டமிடுதா, தன்ர வேலையைச் சரியா அளக்குதா எண்டு எப்படிப் பார்க்கிறது? இப்ப அநேகமான கொம்பனிகளில் இதுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: ஜிராவைத் திற, வெலோசிட்டி சார்ட்டைப் பார். கோடு ஏறினால் கெட்டிக்கார அணி, இறங்கினால் சோம்பேறி அணி. இந்தப் பதில் பிழையானது. அதைவிட, வேலை செய்யிற பிள்ளையளுக்குச் செய்யிற அநியாயம்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுறன். அஜைல் முறையில் வேலையை ஒன்று, இரண்டு கிழமைத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். அதுதான் ஸ்பிரின்ட். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரிசு என்று அணி ஊகித்து 1, 2, 3, 5, 8, 13 என்று புள்ளி போடும். ஸ்பிரின்ட் முடிய, செய்து முடித்தவற்றின் புள்ளிகளைக் கூட்டினால் வருவது வெலோசிட்டி. அடுத்த முறை எவ்வளவு வேலையைத் தூக்கலாம் என்று அணி தனக்குத்தானே பார்க்கிற கணக்கு அது. அதுக்கு மேல அதுக்கு ஒரு வேலையும் இல்லை.

இனி நடக்கிறதைப் பாருங்கோ. "போன ஸ்பிரின்ட் 30 தானே, இந்த முறை 35 வேணும்" என்று மேலேயிருந்து ஒரு குரல் வருது. அணி என்ன செய்யும்? நேற்று 3 புள்ளி போட்ட லொகின் பக்கத்துக்கு இண்டைக்கு 5 போடும். அடுத்த மாதம் அதே மாதிரி வேலைக்கு 8 போடும். சோதித்துப் பார்க்கிறதைக் குறைக்கும், அரைகுறையாய்க் கிடக்கிறதை 'முடிந்தது' பக்கம் இழுத்துவிடும். ஆறு மாதத்தில சார்ட் மலை மாதிரி ஏறி நிற்கும். பாவனையாளருக்கோ அதே பழைய பொத்தான், அதே பழைய பிழை.

இது மனுசர் கெட்டவர் என்பதால நடக்கிறதில்லை. பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இலேயே பணக்கொள்கை பற்றி எழுதும்போது இதைக் கவனித்தார். பிறகு 1997 இல் மானிடவியலாளர் மரிலின் ஸ்ட்ரதேர்ன் அதை எல்லாத் துறைக்கும் பொருந்துகிற மாதிரிச் சுருக்கிச் சொன்னார்: ஒரு அளவை இலக்காக மாறின உடனே, அது நல்ல அளவையாக இருக்கிறதை நிறுத்திவிடும்.

வன்னியில இருக்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009 க்குப் பிறகு இங்க வந்த திட்டங்களின் அறிக்கைகளை நினைச்சுப் பாருங்கோ. 'பயிற்சி பெற்ற இளைஞர்கள் இத்தனை பேர்' என்ற வரியைத் தேடத் தேவையில்லை, முன்பக்கத்திலேயே இருக்கும். அந்த இளைஞர்களில் எத்தனை பேர் இரண்டு வருசம் கழிச்சும் அந்தத் தொழிலில இருக்கினம் என்ற வரியைத் தேடித்தான் பார்க்கவேணும். வெலோசிட்டி அதே நோய்தான், கணினிக்குள்ள வந்திருக்கு.

இரண்டு அணிகளை வெலோசிட்டியால ஒப்பிடுறது இன்னும் மோசம். ஒரு வீட்டில அரிசியைச் சுண்டால அளக்கினம், பக்கத்து வீட்டில பேணியால அளக்கினம். "அங்க ஆறு, இங்க நாலு, அப்ப இந்த வீட்டில சாப்பாடு குறைவு" என்று சொன்னால் சிரிப்பீங்கள்தானே? ஒவ்வொரு அணியின் புள்ளியும் அந்த அணியின் சொந்தப் பேணி. ஆனால் கூட்டத்தில ஏ அணி 42, பி அணி 28 என்று திரையில போட்டால் ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. பி அணியில புரொபேஷனில இருக்கிற பெடியன் தலையைக் குனிஞ்சுகொண்டு இருப்பான்.

அஜைலை உருவாக்கினவர்கள் இப்படிச் சொல்லவேயில்லை. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி எழுதிய பிரகடனத்தின் பின்னால் 12 கொள்கைகள் இருக்கு. அதில் ஒன்று, முன்னேற்றத்தை அளக்கிற முதன்மையான கோல் இயங்குகிற மென்பொருள்தான் என்கிறது. புள்ளியைப் பற்றி அங்க ஒரு சொல்லும் இல்லை. 2020 ஸ்கிரம் வழிகாட்டியிலும் ஸ்டோரி பொயின்டும் இல்லை, வெலோசிட்டியும் இல்லை. ஸ்பிரின்டுக்கு எடுக்கிற வேலையை 'வாக்குறுதி' என்று சொல்லிவந்ததை 2011 திருத்தத்திலேயே 'எதிர்வுகூறல்' என்று மாற்றிவிட்டார்கள். அந்த 17 பேரில் ஒருவரான ரொன் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பொயின்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியென்றால் அதுக்காக இப்ப வருந்துகிறேன் என்று 2019 இல் எழுதினார். செய்தவரே கைவிட்ட கோலைத்தான் எங்கட ஆக்கள் பிரம்பாகப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.

"சரி, ஆனால் கிளையன்ட் தேதி கேக்கிறானே, எண் இல்லாமல் எப்படிச் சொல்லுறது?" நியாயமான கேள்வி. எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் யாருக்காக, எதுக்காக என்பதுதான் கேள்வி.

இரணைமடுவைப் பாருங்கோ. ஒவ்வொரு வருசமும் சிறுபோகத்துக்கு முதல் கிளிநொச்சியில கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்கார அமைப்புகள், அதிகாரிகள் எல்லாரும் இருப்பினம். முதல் கேள்வி, குளத்தில எத்தனை அடி தண்ணி? அதுக்குப் பிறகுதான் எத்தனை ஏக்கர், எப்ப விதைப்பு, எப்ப தண்ணி திறப்பு என்ற கதை. அந்தக் கூட்டத்தில சண்டை வரும், பங்கு பற்றிப் பிரச்சினை வரும். ஆனால் "போன வருசம் 30 அடி, இந்த வருசம் 35 அடி காட்டு" என்று அளவுகோலைப் பார்த்து ஒருத்தரும் கட்டளை போடுறதில்லை. அப்படிப் போட்டு, பயத்தில ஒருவர் பொய் அடி எழுதினால் என்ன நடக்கும்? உருத்திரபுரத்தில வாய்க்கால் கடைசிக் காணிக்காரரின்ர பயிர் கதிர் வாற நேரம் காயும். உள்ளதை அளந்து, அதுக்கேற்ப விதைக்கிறதுதான் திட்டம். வேண்டியதை எழுதிப்போட்டு, அது வரும் என்று விதைக்கிறது சூதாட்டம்.

உள்ளதை அளந்தால் என்ன கிடைக்கும் என்பதுக்கு உதாரணமும் இருக்கு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிமயப்படுத்த 'சென்டினல்' என்ற திட்டத்தை 2006 இல் லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் கொடுத்தது. 2010 ஆகஸ்டில் 45.1 கோடி டொலர் பட்ஜெட்டில் 40.5 கோடி முடிந்திருந்தது, நாலு கட்டத்தில் இரண்டுதான் கையில். பிறகு எஃப்.பி.ஐ. வேலையைத் தன்னிடம் எடுத்து, சின்ன அணியோடு இரண்டு கிழமை ஸ்பிரின்டுகளாகச் செய்தது. தேதி அங்கயும் தள்ளிப்போனதுதான். ஆனால் 2012 ஜூலையில் சென்டினல் பாவனைக்கு வந்தது. ஒவ்வொரு இரண்டு கிழமையும் இயங்குகிற துண்டைக் காட்டவேணும் என்றால், 'கிட்டத்தட்ட முடிஞ்சுது' என்ற கதையை வருசக்கணக்கில ஓட்டேலாது.

அப்ப ஒரு அணியை எப்படி மதிப்பிடலாம்? நான் கேக்கிற கேள்விகள் இவைதான். வேலையின் அளவை ஊகித்தது செய்யப்போற ஆளா, மேலேயிருந்து வந்த தேதியா? இந்த ஸ்பிரின்ட் முடிய யாருக்கு என்ன பிரயோசனம் என்று அணியில எவரும் ஒரு வசனத்தில சொல்லுவினமா? எழுதின கோட் பாவனையாளர் கைக்குப் போக எத்தனை நாள், எத்தனை தரம் வெளியிடுகினம், வெளியிட்டதில் எத்தனை உடையுது, உடைஞ்சால் திருத்த எவ்வளவு நேரம்? இந்தக் கடைசி நாலையும் நிக்கோல் ஃபோர்ஸ்கிரன் குழுவின் ஆய்வு பிரபலமாக்கியது, 2018 இல் புத்தகமாகவும் வந்தது. இந்த நாலையும் போனசோட கட்டினால் அதுவும் பழுதாகும், அதையும் சொல்லிப்போடுறன்.

இன்னொரு கேள்விதான் எனக்கு முக்கியம். "இது முடியாது" என்ற செய்தி அந்த அணியில எத்தனையாம் நாள் வெளியில வருது? இரண்டாம் நாள் வந்தால் அங்க திட்டமிடல் இருக்கு. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு வந்தால், சார்ட் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அங்க இருக்கிறது பயம்.

இது கொழும்புக் கதை என்று விடேலாது. யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் அறிவியல் நகரில இருக்கு. வவுனியாவில பல்கலைக்கழகம் இருக்கு. அங்க படிச்ச பிள்ளையள் வீட்டில இருந்தே தூர நாட்டு அணிகளுக்கு வேலை செய்யிற காலம். கரண்ட் போனதையும் நெட் விழுந்ததையும் சார்ட் காட்டாது. எண் குறைஞ்சதை மட்டும் காட்டும், அதைப் பார்த்து 'இவன் ஸ்லோ' என்று தூரத்தில ஒருத்தர் முடிவெடுப்பார். அந்த முடிவு ஒரு வீட்டின்ர மாதச் சம்பளம்.

அதால, அடுத்த ரெட்ரோவில "ஏன் வெலோசிட்டி குறைஞ்சது?" என்று கேட்டால், கூனிக் குறுகி விளக்கம் சொல்லாதீங்கோ. "இந்த இரண்டு கிழமையில நாங்கள் செய்ததை ஆர் பாவிக்கினம்?" என்று திருப்பிக் கேளுங்கோ. தனியாக் கேக்கப் பயம் என்றால் அணியா முதலே கதைச்சுப்போட்டுக் கேளுங்கோ.